தாளுக்கும் காசா? அறத்தோடு பொருள் தேட ஒரு கணக்குப்பிள்ளையின் வழிகாட்டி

"மனே, தாளுக்கும் காசா?"

கேட்டது ஒரு ஆச்சி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இலங்கையின் மட்டக்களப்பில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தோணித்துறைக்குக் கிட்ட எங்கள் அப்பாவின் சில்லறைக் கடை. அவர் வயலுக்குப் போகும் நாட்களில் தராசு என் கையில். ஆச்சி நூறு கிராம் கூனி (பொடி இறால்) கேட்டா. பழைய பேப்பரில் ஒட்டிய பையைத் தட்டில் வைத்து, அதற்குள் கூனியைக் கொட்டி, முள் நேரானதும் மடித்துக் கொடுத்தேன். பையை உள்ளங்கையில் வைத்து ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டுதான் அதைக் கேட்டா. பின்னேரம் யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டும். அவர் ஏசவில்லை. கடை பூட்டும் நேரம் வெறும் பேப்பர்ப் பை ஒன்றை எடுத்து, மற்றத் தட்டில் படிக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தப் பை பிறகு அங்கேயே கிடந்தது.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேலாக மற்றவர்களின் கணக்குக் கொப்பி எழுதிப் பிழைக்கிறேன். தயிர்க்காரர், நெல் ஆலைக்காரர், உரக்கடைக்காரர், வள்ளக்காரர் என்று எல்லாரும் வருவார்கள். கணக்கு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பலரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "அண்ணே, நேர்மையா யாவாரம் செய்து முன்னேற ஏலுமா?" ஏலும் என்பதுதான் என் பதில். எப்படி என்பதை ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பணத்தைக் கழுவும் இடம் கோயில் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எப்படியும் சம்பாதி, பிறகு ஒரு திருவிழா உபயம் செய், ஒரு அன்னதானம் போடு, சரியாகிவிடும் என்ற கணக்கு. நம் நூல்கள் சொல்வது இதற்கு நேர்மாறு. சோதனை பணம் உள்ளே வரும் வாசலில்தான். மனுஸ்மிருதியில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் நிறைய உண்டு, ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வரி இருக்கிறது: எல்லாத் தூய்மைகளிலும் பொருளில் தூய்மையே மேலானது, பொருளில் தூயவனே தூயவன், மண்ணாலும் நீராலும் கழுவியவன் அல்லன். குளித்து, நீறு பூசி, வேட்டி மாற்றினாலும் கல்லாப்பெட்டி அழுக்காக இருந்தால் அழுக்குத்தான்.

முதலாவது: காசு தேடுவது பாவம் என்ற நினைப்பை இறக்கி வையுங்கள்

இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளில் படித்த எங்கள் ஆட்களுக்கு ஒரு கதை தெரியும். பரமஹம்சர் ஒரு கையில் காசும் மறுகையில் மண்ணும் எடுத்து, இரண்டும் ஒன்றே என்று கங்கையில் எறிந்தார். அழகான கதைதான், ஆனால் அது துறவியின் கதை. அதே பரமஹம்சர் இல்லறத்தாரிடம் வேறு மாதிரிப் பேசியிருக்கிறார்: பறவையும் துறவியும் சேர்த்து வைப்பதில்லை, ஆனால் கூட்டில் குஞ்சு இருக்கும் பறவை இரை தேடிக் கொண்டுவரத்தானே வேண்டும் என்று. பிள்ளைகுட்டியோடு இருப்பவர் முதல் கதையை மட்டும் பிடித்துக்கொண்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கு புருஷார்த்தங்கள். பொருளுக்கு அங்கே சொந்தமாக ஓர் இடம் உண்டு. கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் பொருளே முதன்மை, அறமும் இன்பமும் அதில்தான் வேர்விட்டிருக்கின்றன என்றே எழுதிவிட்டார். வள்ளுவர் அவ்வளவு தூரம் போகவில்லை. அவருடைய 754ஆம் குறள் இது:

அறன்ஈனும் இன்பமும் ஈனும் திறனறிந்து
தீதின்றி வந்த பொருள்.

இதில் இரண்டு நிபந்தனை இருக்கின்றன. "தீதின்றி" என்பதை எல்லாரும் மேடையில் சொல்வார்கள். "திறனறிந்து" என்பதை யாரும் கவனிப்பதில்லை. வழிவகை தெரியாமல், கணக்குப் பார்க்காமல், நல்லவனாக மட்டும் இருந்து கடையை மூடியவர்களை எனக்குத் தெரியும். நட்டப்பட்ட நல்லவரிடம் வேலை செய்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் அன்றைக்குச் சோறு இல்லாமல் போகிறது.

மகாபாரதம் முழுவதும் எழுதி முடித்த வியாசர் கடைசியில் ஒரு புலம்பல் வைக்கிறார்: இரண்டு கையையும் தூக்கிக் கத்துகிறேன், ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை, அறத்திலிருந்துதானே பொருளும் இன்பமும் வருகின்றன, அதை ஏன் செய்யமாட்டேன் என்கிறீர்கள்? பொருளை விடு என்று அவர் கத்தவில்லை. பொருளுக்குப் போகும் பாதையைக் காட்டித்தான் கத்தினார்.

இரண்டாவது: பணம் வரும் வழிகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள்

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு மாதத்துக்கு, கைக்கு வரும் ஒவ்வொரு காசையும் மூன்று நிரலில் எழுதவேண்டும். யாரிடமிருந்து வந்தது, எதற்காக வந்தது. மூன்றாவது நிரல்தான் கஷ்டமானது: இதை எப்படி உழைத்தேன் என்பதை, கொடுத்தவருக்கு முன்னால் நின்று முழுதாகச் சொல்ல ஏலுமா? ஏலும் என்றால் ஒரு சரி போடுங்கள். ஏலாது என்றால் ஒரு புள்ளி.

"அழக்கொண்ட எல்லாம் அழப்போம்" என்கிறார் வள்ளுவர். ஆனால் எல்லாரும் அழமாட்டார்கள். சிலருக்குத் தாங்கள் ஏமாந்தது தெரியவே தெரியாது. இன்னும் சில இடங்களில் அழுவதற்கு ஆளே இல்லை. நம் பக்கத்தில் இந்த மூன்றாவது வகைதான் பெரிது. ஆற்று மணலுக்கு ஒரு பெர்மிட் எடுத்து மூன்று லோட் ஏற்றுவது. வாவியில் தடைசெய்த தங்கூசி (நைலோன் இழை) வலையைப் போட்டுக் குஞ்சு மீனையும் அள்ளுவது. இரவில் காட்டுக்கரையில் மரம் தறிப்பது. "யாருக்கு நட்டம்?" என்று கேட்பார்கள். ஈசாவாசிய உபநிடதம் முதல் மந்திரத்திலேயே இதற்குப் பதில் சொல்கிறது: இங்கே இருப்பதெல்லாம் ஈசனால் நிறைந்தது, விட்டுக்கொடுத்து அனுபவி, எவருடைய செல்வத்துக்கும் ஆசைப்படாதே. ஆளில்லாத இடம் என்று ஒன்று அந்தக் கணக்கில் கிடையாது. ஆற்றங்கரை இடிந்து அடுத்த மாரியில் வெள்ளம் வயலுக்குள் வரும்போது யாருக்கு நட்டம் என்று தெரிந்துவிடும்.

மலிவாக வரும் பொருளும் இந்த நிரலில் அடங்கும். பாதி விலைக்கு ஒரு பசுமாடு, கடிதம் இல்லாத ஒரு மோட்டார் சைக்கிள், அவசரமாக விற்கவேண்டும் என்று இரவில் வரும் ஒரு சோடிக் காப்பு. விசாரிக்காமல் வாங்கினால் களவில் நமக்கும் பங்கு. ஒரு சிலம்பு யாருடையது என்று விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னதால் ஒரு ஊரே எரிந்த கதையை கண்ணகை அம்மனின் வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் வருடா வருடம் படித்துக் குளிர்த்தியாடுகிற ஆட்கள் நாங்கள். மாடு வாங்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

நம் கோயில்களில் வண்ணக்கர் என்று ஒருவர் இருக்கிறார். கோயிலின் வரவுசெலவுக்கும் பொருளுக்கும் பொறுப்பானவர். பழந்தமிழில் வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவன். பொன்னை உரைத்துப் பார்த்து, இது நல்லது, இது கள்ளம் என்று பிரிப்பவன். சங்கப் புலவர் சிலரின் பெயருக்கு முன்னாலேயே இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் வழக்கொழிந்த சொல் மட்டக்களப்பில் கோயில் பதவியாக உயிரோடு இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை. நாணயம் என்ற சொல்லும் அப்படித்தான். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல். உங்கள் கொப்பிக்கு நீங்களே வண்ணக்கர்.

மாத முடிவில் புள்ளி போட்ட வரிகளைக் கூட்டுங்கள். மொத்த வருமானத்தில் அது எவ்வளவு? என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தொகை அவர்கள் பயந்ததைவிடச் சிறியது. அதை விட்டாலும் தொழில் நிற்காது. நின்றுவிடும் என்றால், அது தொழிலை மாற்றவேண்டிய விஷயம்; எட்டாவது படியில் அதற்கு வருகிறேன்.

மூன்றாவது: தராசைச் சரிபண்ணுங்கள்

இதுதான் என் தொழிலின் நடுமையம் என்பதால் கொஞ்சம் நின்று பேசுவேன்.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் துலாதாரன் என்று ஒரு வணிகன் வருகிறான். பெயரே தராசு பிடித்தவன் என்றுதான். காசியில் கடை வைத்திருக்கிறான். ஜாஜலி என்ற தவசி, தன் சடைமுடியில் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்வரை அசையாமல் நின்று தவம் செய்தவர், அறத்தில் என்னைப்போல் யாரும் இல்லை என்று நினைக்க, துலாதாரனுக்கு நீ ஈடில்லை என்று ஒரு குரல் கேட்கிறது. தேடிப்போனால் அவன் கடையில் சாமான் விற்றுக்கொண்டிருக்கிறான். அவன் சொல்லும் தவம் ஒன்றுதான்: என் தராசு எல்லா உயிருக்கும் ஒரே மாதிரி நிற்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை "கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது" என்று சொல்வதும் இதைத்தான். இதை நம் வயற்காட்டுக் கணக்கில் எப்படிச் செய்வது?

பெரும்போக அறுவடை முடிந்து நெல் வாங்குபவர் வட்டைக்கு (வயல்வெளிக்கு) வருகிறார். மூடைக்கு இரண்டு கிலோ கழிவு என்கிறார். எதற்கு? "பைக்கும் ஈரத்துக்கும்." ஏற்றி இறக்கும் அவசரத்தில் யாரும் மேலே கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்போம். நெல் கட்டும் பழைய உரப்பை நூறு, நூற்றைம்பது கிராம்தான் இருக்கும். மிச்சம் எல்லாம் ஈரத்தின் பேரில். நல்லாக் காய்ந்த நெல்லுக்கு ஈரப்பதன் 14 சதவீதம். நெல் சந்தைப்படுத்தும் சபை எதிர்பார்ப்பதும் அதுதான். அப்படியானால் கழிவை இப்படிப் போடலாம். 65 கிலோ மூடையில் ஈரம் 16 சதவீதம் என்றால், உண்மையான நெல் 84 சதவீதம்; நல்லாக் காய்ந்ததில் 86. 65ஐ 84ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 63.5 கிலோ. நியாயமான கழிவு ஒன்றரைக் கிலோ. ஈரம் 18 என்றால் 62 கிலோ, கழிவு மூன்று. ஈரம் 14 என்றால் கழிவே இல்லை, பையின் எடை மட்டும்.

இப்போது அந்த இரண்டு கிலோவைப் பாருங்கள். களத்தில் இரண்டு நாள் காய வைத்தவரிடமிருந்து அது களவு. ஈரத்தோடு அள்ளிக் கட்டியவருக்கு அது பரிசு. நூறு மூடை, கிலோ 100 ரூபாய் என்று வைத்தால், காய வைத்த மனிதர் பையின் எடை போக ஏறத்தாழ 18,500 ரூபாயை இழந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அடுத்த போகம் அவரும் காய வைக்கமாட்டார். கள்ளத் தராசு நல்ல விவசாயியையும் கெடுக்கும் என்பது இதுதான்.

நீங்கள் வாங்குபவர் என்றால் ஈரமானி ஒன்று வாங்குங்கள். ஒரு போகத்திலேயே அதன் காசு வந்துவிடும், ஏனென்றால் நல்லாக் காய்ந்த நெல் உங்களைத் தேடி வரும். ஈரத்துக்கான கழிவை ஒரு அட்டையில் எழுதி லொறியில் தொங்கவிடுங்கள். நீங்கள் விற்பவர் என்றால், அடி மூடையில் ஈர நெல்லைக் கட்டி மேல் மூடையைக் காட்டும் வேலையை விடுங்கள். அதுவும் நம் ஊரில் நடக்கிறது. ஏழையின் களவு களவு இல்லை என்று எந்த நூலிலும் நான் பார்க்கவில்லை.

நெல் இல்லாத தொழில்களுக்கும் இதே முறைதான். தயிர்ச் சட்டிக்கு அடி எவ்வளவு தடிப்பு, ஐஸ் போட்ட இறாலில் தண்ணீர் எவ்வளவு, மேசன் கணக்கில் சீமெந்து எத்தனை பை உண்மையாகக் கலந்தது. ஒவ்வொரு தொழிலிலும் ஒரு பேப்பர்ப் பை இருக்கிறது. உங்களுடையது எது என்று மற்றவர் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

நான்காவது: வட்டியை வட்டி என்றே எழுதுங்கள்

வட்டிக்குக் காசு கொடுப்பதை நம் நூல்கள் முற்றாகத் தடுக்கவில்லை. எல்லை போட்டன. வசிஷ்டர் விதித்தது என்று மனுஸ்மிருதி சொல்லும் வட்டி, மாதத்துக்கு எண்பதில் ஒரு பங்கு. நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய். அடுத்த வரிகளிலேயே கடன்காரரின் வருணத்தைப் பார்த்து வட்டியைக் கூட்டுகிறது, கீழே போகப்போக அதிகம். அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுக்கவேண்டாம். ஆனால் இன்னொரு விதி அங்கே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம்: ஒரேயடியாக அறவிடும்போது வட்டியும் முதலும் சேர்ந்து முதலின் இரட்டிப்பைத் தாண்டக்கூடாது. இந்தியாவில் சில பகுதிகளில் நீதிமன்றங்களும் இதை இந்துச் சட்டமாக ஏற்று நடத்தியிருக்கின்றன.

நம் ஊரில் கைமாற்றுக் காசுக்கு மாதம் நூற்றுக்குப் பத்து என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 50,000 ரூபாய்க்கு மாதம் 5,000. பத்தாம் மாதம் வட்டி முதலைத் தொட்டுவிடும். முதல் அப்படியே நிற்கும். வசிஷ்டர் வட்டியில் மாதம் 625 ரூபாய், முதலைத் தொட 80 மாதம். காசு கொடுக்கும் தொழில் செய்பவரிடம் நான் சொல்வது அந்த விதியைக் கொஞ்சம் இறுக்கி: மாதாமாதம் வாங்கிய வட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அது முதலுக்குச் சமமான நாளில் வட்டி நிற்கட்டும். பிறகு வாங்குவதெல்லாம் முதலில் கழியட்டும். கேட்டவர்கள் இருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஒளிந்திருக்கும் வட்டியும் உண்டு. விதைப்புக்கு 60,000 ரூபாய் உரத்தைக் கடனாகக் கொடுத்துவிட்டு, நாலு மாதம் கழித்து, சூடு அடித்து நெல் பிரிக்கும்போது, சந்தை விலை 100 என்றால் 90 போட்டு நெல்லாக எடுப்பது. யாரும் வட்டி என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. "சும்மா குடுத்தனான்" என்றே சொல்வார்கள். எடுத்த நெல் 667 கிலோ, அதன் சந்தை விலை 66,700. அதாவது நாலு மாதத்துக்கு 6,700 ரூபாய் வட்டி, மாதம் நூற்றுக்கு மூன்றுக்குக் கிட்ட. இதற்கு மேலே, கடனுக்கு என்றால் உரத்தின் விலையிலும் ஏதாவது ஏற்றியிருப்பார்கள். வாங்குவது தவறா சரியா என்பது பிறகு. முதலில் அதைக் கொப்பியில் வட்டி என்று எழுதுங்கள், கொடுப்பவரும் எடுப்பவரும். பெயர் வைத்த பிறகு இருவரும் ஒரு நியாயமான தொகைக்கு வருவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கடன் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு சொல்: விளைச்சல் தரும் காரியத்துக்கு எடுங்கள். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வரும் நுண்கடனை இன்னொரு நுண்கடனால் அடைத்து, தாலிக்கொடி வரை ஈடு வைத்த பெண்களை நம் கிராமங்களில் எண்ணி முடியாது. அவர்களுக்கு அறம் சொல்ல நான் வரவில்லை. அந்தக் காசைக் கொடுத்தவர்களுக்குத்தான் இந்தப் படி.

ஐந்தாவது: கூலி

இது சின்னப் படி, ஆனால் தள்ளிப்போட ஏலாது. கூலியாளின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடு என்பது நபிமொழி. எனக்கு அதை முதலில் சொன்னது பக்கத்து ஊர் முஸ்லிம் முதலாளி ஒருவர். சொன்னபடி ஒவ்வொரு பின்னேரமும் எண்ணிக் கொடுப்பார். நம் ஆட்கள் "மறுகா பாப்பம்" என்று இழுப்பார்கள். அறத்தை யாரிடமிருந்தும் படிக்கலாம். மிதிலையில் இறைச்சி விற்ற ஒருவனிடம் கௌசிகன் என்ற பிராமணன் அறம் கேட்டதாக மகாபாரதமே சொல்கிறது.

இன்னொன்று. ஒரே வரம்பில் குனிந்து ஒரே நேரம் களை பிடுங்கும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. "அது வழமை" என்கிறார்கள். உங்கள் கொப்பியின் மூன்றாவது நிரலில் அதற்கு என்ன போடுவீர்கள்?

ஆறாவது: வந்ததைப் பங்கு போடுங்கள்

பாகவதத்தில், மகாபலியின் குரு சுக்கிராசாரியார் ஒரு கணக்குச் சொல்கிறார். செல்வத்தை ஐந்தாகப் பிரி: அறத்துக்கு, புகழுக்கு, பொருளுக்கு (அதாவது திரும்ப முதலீட்டுக்கு), இன்பத்துக்கு, சுற்றத்துக்கு. வாமனனுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே என்று தடுக்கத்தான் அவர் அதைச் சொன்னார் என்பது வேடிக்கை. பலி கேட்கவில்லை, அது பலியின் கதை. நமக்கு அந்தக் கணக்கு நல்ல கணக்கு. வள்ளுவரும் ஐந்துதான் சொல்கிறார்: தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான். கடைசியில் "தான்" என்று தன்னையும் சேர்த்ததைக் கவனியுங்கள். தன் உடம்பையும் வீட்டையும் பட்டினி போட்டுத் தானம் செய்யச் சொல்லவில்லை.

ஐந்தும் சமமாக இருக்கவேண்டியதில்லை. மாதம் ஒரு லட்சம் கைக்கு வரும் கடைக்காரர் ஒருவருக்கு நான் போட்டுக் கொடுத்தது இது: வீட்டுக்கும் சந்தோசத்துக்கும் 50,000, கடைக்குத் திரும்ப 25,000, சேமிப்புக்கு 10,000, வயதான மாமிக்கும் படிக்கும் மருமகளுக்கும் 10,000, அறத்துக்கு 5,000. அறத்தின் பங்கை முதல் நாளே எடுத்து வேறாக வைக்கச் சொன்னேன். களத்தில் பொலி கூட்டியதும் முதல் அளவைச் சாமிக்கு எடுத்து வைத்துவிட்டுத்தானே மற்றதை அளந்தார்கள் நம் பழைய ஆட்கள். மிஞ்சினால் கொடுப்பது என்றால் ஒருநாளும் மிஞ்சாது.

இனி ஒரு மனக்குறை. குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) ஒரு திருவிழா என்பது நம் கோயில்களின் அழகு. ஆனால் போன வருடம் அந்தக் குடி செய்ததைவிடக் கூடச் செய்யவேண்டும் என்று மேளம், மின்விளக்கு, வாணவேடிக்கை என ஏற்றிக்கொண்டே போய், வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, அதற்காக வட்டிக்கு எடுத்தவர்களின் கணக்கை எழுதியிருக்கிறேன். அது சுக்கிராசாரியாரின் இரண்டாவது பங்கு, புகழ். அதை அறத்தின் நிரலில் எழுதக்கூடாது. கோயிலுக்கு உண்மையாகவே கொடுக்க விரும்புபவர் ஒரு வேலை செய்யலாம்: வருட முடிவில் கணக்கைச் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்பது. நான் ஒரு கோயிலில் கேட்டேன். மூன்று வருடத்துப் பற்றுச்சீட்டு காணவில்லை, என்னைத்தான் நாத்திகன் என்றார்கள்.

ஏழாவது: ஒதுக்கி வையுங்கள்

1978 நவம்பரில் சூறாவளி, 2004 டிசம்பர் 26இல் கடல், இடையில் யுத்தம், ஆண்டுக்கொரு வெள்ளம். இந்த மண்ணில் சேமிப்பு பற்றிப் பிரசங்கம் தேவையில்லை. ஆறு மாதச் செலவு, தொட முடியாத இடத்தில். "ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை": வரும் வழி சிறிதானாலும் குற்றமில்லை, போகும் வழி அதைவிட அகலாமல் இருந்தால் போதும்.

எட்டாவது: லாபமும் அறமும் மோதும் நாள்

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். அடுத்த வருடம் நாடே வரிசையில் நின்றது. யூரியாவின் விலை பல மடங்கு ஏறியது. நான் கணக்கு எழுதும் உரக்கடைக்காரர் ஒருவரிடம் தடைக்கு முன் வாங்கிய பைகள் சில களஞ்சியத்தில் இருந்தன. இரவு எட்டு மணிக்கு வந்து கேட்டார்: "அண்ணே, என்ன விலைக்குக் குடுக்க?"

பழைய விலைக்குக் கொடு என்று சொல்வது எனக்கு எளிது. அவர் அந்தக் காசுக்கு அடுத்த சரக்கைப் பாதிகூட எடுக்கமாட்டார், கடை போய்விடும். கௌடில்யர் வணிகருக்கு லாபம் வரையறுத்திருக்கிறார்: உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து, வெளிநாட்டுச் சரக்குக்குப் பத்து. வணிகர் கூடிச் சரக்கை மறைத்து விலை ஏற்றினால் ஆயிரம் பணம் தண்டம். அவர் கண்டித்த இடத்தைப் பாருங்கள்: கூடுவது, மறைப்பது. விலை ஏறுவது ஒருவரின் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டு "சாமான் இல்லை" என்று சொல்வது நிச்சயம் குற்றம்.

அன்றிரவு நாங்கள் எடுத்த முடிவு இது. கடை தொடர்ந்து நடக்க எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்த விலையை வெளியே எழுதி ஒட்டுவது, வழமையாக வாங்குபவருக்கு ஆளுக்கு ஒரு பை, வெளியூர் லொறிக்கு மொத்தமாக இல்லை. சந்தையில் கேட்ட விலையில் ஏறத்தாழப் பாதி வந்தது. அது முழுச் சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. சாந்தி பருவத்தில் ஆபத்தர்மம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. பஞ்சத்தில் விசுவாமித்திரர் நாய் இறைச்சியைத் திருடப்போன கதை அங்கேதான் வருகிறது. முட்டுப்பட்ட காலத்தில் அறம் கொஞ்சம் வளையும் என்று நூல்களே ஒத்துக்கொள்கின்றன. ஆனால் அந்தக் கதையில் விசுவாமித்திரர் தன் பசிக்குத்தான் எடுத்தார், விற்று லாபம் பார்க்க இல்லை.

வருமானமே புள்ளி போட்ட வரிகளால்தான் நிற்கிறது என்றால், கசிப்பு (கள்ளச் சாராயம்), கள்ள மணல் போன்றவை என்றால், ஒரே நாளில் விடச் சொல்லமாட்டேன். வீட்டில் அடுப்பு இருக்கிறது. நாள் குறியுங்கள். ஆறு மாதம், ஒரு போகம். அதற்குள் மாற்றுத் தொழிலுக்கு முதல் சேருங்கள். நாள் குறிக்காமல் "விடத்தான் வேணும்" என்பவர் விட்டதை நான் பார்த்ததில்லை.

ஒன்பதாவது: பழைய கணக்கு

புள்ளி போட்ட வரிகளில் பெயர் தெரிந்தவருக்குத் திருப்பிக் கொடுங்கள். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தால், "கணக்கில பிழை விட்டுட்டன்" என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. பெயர் தெரியாதவர்களின் தொகையை அறத்தின் பங்குக்குக் கொண்டுபோகலாம். இரண்டையும் மாற்றிச் செய்யக்கூடாது. ஆள் உயிரோடு பக்கத்துத் தெருவில் இருக்கும்போது அவருடைய காசில் அன்னதானம் போடுவது முதலில் சொன்ன அதே கழுவல்தான்.

என் கொப்பியில் முதல் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பேப்பர்ப் பை ஒன்று ஐந்து கிராம். நாளுக்கு ஏறத்தாழ அறுபது பை. ஆச்சி கேட்கும்வரை தராசு என் கையில் இருந்த நாட்கள் நூற்றிருபது. மொத்தம் 36 கிலோ. கூனி, சீனி, பருப்பு, மிளகாய் எல்லாம் கலந்து. நினைவில் இருந்த பெயர்கள் பதினொன்றை எழுதி ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போனேன். மூவர் சிரித்துச் சாயத்தண்ணி (வெறும் தேத்தண்ணி) தந்தார்கள். ஒருவர் எனக்கு மூளை பிசகிவிட்டதா என்று கேட்டார். ஆச்சி கடல் வந்த வருடத்துக்கு முதலே போய்விட்டா. மகள் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த வரிக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.